புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

டென்னிஸ் ஆட்டத்தில் பந்து ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரம்தான் அதிகம். பெரும்பாலான புள்ளிகள் பத்து விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வ் போட விதி தரும் அவகாசம் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120 விநாடி. இரண்டு மணி நேர ஆட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் பந்தடித்த நேரம் அரை மணியைத் தாண்டுவது அரிது. மீதி நேரமெல்லாம் ஆட்டக்காரர் நடக்கிறார், பந்து பொறுக்குகிறார், துண்டால் முகம் துடைக்கிறார், உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அத்தனை நேரமும் தனியாக இருக்கிறார். கிரிக்கெட்டில் எதிர்முனையில் நிற்கும் பேட்ஸ்மேனிடம் போய் இரண்டு வார்த்தை பேசலாம். குத்துச்சண்டையில் சுற்றுக்குச் சுற்று மூலையில் ஆள் காத்திருப்பார். ஒற்றையர் டென்னிஸில் அதெல்லாம் இல்லை. ஓரத்திலிருந்து பயிற்சியாளர் சொல்லித்தரலாம் என்று விதி இப்போது சில போட்டிகளில் தளர்ந்திருக்கிறது. அதுவும் புள்ளிகளுக்கு நடுவே விழும் ஓரிரு சொல்தான். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் மனசு எங்கே போகிறது என்பதில்தான் பல ஆட்டங்கள் முடிவாகின்றன.

ஃபோர்ஹேண்டுக்காகத் தினமும் நூற்றுக்கணக்கில் பந்தடிக்கும் ஜூனியர், இந்த நேரத்துக்கென்று ஒரு நாள்கூடப் பயிற்சி எடுப்பதில்லை. தோற்றுவிட்டு வந்தால் 'மென்ட்டலா வீக்' என்று யாராவது ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதைவிடப் பயனற்ற சொல் இந்த விளையாட்டில் இல்லை. மனத்திடம் பிறக்கும்போதே வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நினைப்பை அது விதைத்துவிடுகிறது. ஸ்வீடனின் பியான் போர்க்கை உலகம் பனிக்கட்டி என்றது. அதே போர்க் சிறுவனாக இருந்தபோது கோர்ட்டில் போட்ட ஆட்டத்தைப் பார்த்து அவருடைய கிளப்பே அவரைக் கொஞ்ச காலம் விளையாட விடாமல் வைத்திருந்தது. ரோஜர் ஃபெடரர் பதின்வயதில் ராக்கெட்டைத் தூக்கி வீசியவர், தோற்றால் அழுதவர். அமைதியை இருவரும் கற்றுக்கொண்டார்கள். மறுபக்கம், சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் இயல்பிலேயே சாந்தமானவர். சர்வில் வேகம் கிடையாது. முகத்தில் எதுவும் தெரியாது. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அவர் வீழ்த்தினார். சுபாவம் எதுவானாலும் விளையாட வழி உண்டு. கோர்ட்டில் அந்த சுபாவத்தை என்ன செய்வது என்பதுதான் பழக வேண்டியது.

புள்ளிக் கணக்கு செய்யும் வேலை

டென்னிஸில் கடிகாரம் கிடையாது. இரண்டு கோல் முன்னே இருக்கும் கால்பந்து அணி நேரத்தைக் கடத்தியே ஜெயித்துவிடலாம். டென்னிஸில் 6-0, 5-0, 40-0 என்று இருந்தாலும் கடைசிப் புள்ளியை யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், எடுத்தாக வேண்டும். பின்தங்கியவருக்குக் கடைசிப் பந்துவரை கதவு திறந்திருக்கிறது. முன்னே இருப்பவருக்கும் அது தெரியும்.

எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை இல்லை என்பது இரண்டாவது சிக்கல். 40-0 என்று முன்னிலையில் இருக்கும்போது விடும் புள்ளி கணக்கில் ஒன்று. 30-40இல் விடும் புள்ளியும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது, சர்வ் போடும் கேமையே கொண்டுபோய்விடும். இதற்கு 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 4 மணி 57 நிமிடம் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, நோவக் ஜோகோவிச் எடுத்தவை 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது: 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. ஃபெடரர் ஜெயித்த இரண்டு செட்டுகளையும் இறுகிய போட்டி இல்லாமல் ஜெயித்தார். டை-பிரேக் வந்த மூன்று முறையும் ஜோகோவிச் எடுத்துக்கொண்டார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வ் ஃபெடரர் கையில். இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள். முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் அகலமாகப் போய் வெளியே விழுந்தது. இரண்டாவதில் நெட்டுக்கு ஏறி வந்தார். ஜோகோவிச்சின் குறுக்கு ஃபோர்ஹேண்ட் அவரைத் தாண்டிப் போனது. கூட்டம் 'ரோஜர்' என்று கத்தும்போது தன் காதில் அதை 'நோவக்' என்று கேட்கவைத்துக்கொண்டதாக ஜோகோவிச் பிறகு சொன்னார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஐந்து மணி நேரம் ஒரு அரங்கமே எதிராக இருக்கும்போது கைக்கு எட்டிய உபாயம் அது.

மூன்றாவது செய்தியும் ஃபெடரரிடமிருந்தே. 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது தன் கணக்கை அவரே எடுத்து வைத்தார். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஜெயித்தவர், மொத்தப் புள்ளிகளில் எடுத்தது 54 விழுக்காடு மட்டுமே. நூறு புள்ளிக்கு 46 புள்ளி கையை விட்டுப் போயிருக்கிறது. இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் 55 விழுக்காடு வாய்ப்புள்ளவருக்கு ஒரு கேமை எடுக்கும் வாய்ப்பு 62 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். செட்டுக்கும் ஆட்டத்துக்கும் போகும்போது இன்னும் ஏறும். டென்னிஸின் கணக்கு முறை சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. ஆகவே விட்ட புள்ளிக்கெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளும் பையன், நன்றாக ஆடும் நாளில்கூட ஆட்டத்தின் பாதியைத் தலையில் அடித்துக்கொண்டே கழிக்க வேண்டியிருக்கும்.

கை இறுகும்போது

அழுத்தம் முதலில் தெரிவது உடம்பில்தான். நெஞ்சு படபடக்கிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. தோள் காதை நோக்கி ஏறுகிறது. விரல்கள் கைப்பிடியை நெரிக்கின்றன. ஆபத்து வந்தால் ஓடவோ மோதவோ உடம்பைத் தயார்ப்படுத்தும் பழைய ஏற்பாடு இது. மாடு துரத்தினால் உதவும், டிராப் ஷாட்டுக்கு உதவாது. முன்னங்கை இறுகினால் மணிக்கட்டு தளர்ந்து சுழலாது. ராக்கெட் தலையின் வேகம் விழும், டாப்-ஸ்பின் குறையும். பந்து நெட்டில் படும், அல்லது சுழற்சி இல்லாமல் மட்டமாகப் போய் பேஸ்லைனுக்கு வெளியே விழும்.

கைக்கும் முன்னால் கெடுவது கால். எதிராளி அடிக்கும் கணத்தில் போடும் அந்தச் சின்னக் குதிப்பு காணாமல் போகும். கடைசி இரண்டு சிற்றடிகளுக்குப் பதில் ஒரு நீள அடி வைத்து எட்டி அடிப்பார். வேலிக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் முகத்தைப் பார்ப்பதைவிட பாதத்தைப் பார்த்தால் இறுக்கத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். சர்வில் முதலில் கெடுவது டாஸ். விரல்கள் பந்தைப் பிசைந்து தாமதமாக விடுவதால் அது தலைக்குப் பின்னால் போகும், அல்லது தாழ்வாக நிற்கும். டாஸ் சரியில்லை என்றால் அடிக்காமல் பந்தைப் பிடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பிடிக்க வெட்கப்பட்டே டபுள் ஃபால்ட் போடுகிறவர்கள் ஏராளம்.

இறுகியவர்கள் இரண்டு வழியில் தவறுகிறார்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: பந்தை வெறுமனே தள்ளிவிடுவது. இன்னொன்றை அவ்வளவு எளிதில் கண்டுகொள்ள முடியாது. 30-40இல் மூன்றாவது பந்திலேயே கோட்டை ஒட்டி முழு வேகத்தில் ஒரு அடி. பார்ப்பவர்களுக்குத் தைரியம் போலத் தெரியும். உண்மையில், இந்த அவஸ்தை எப்படியாவது முடிந்தால் போதும் என்ற தவிப்பு அது. பந்து வெளியே போனால் 'அட்டாக் பண்ணேன்' என்று சமாதானமும் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியது, வீச்சை முழுதாக வைத்துக்கொண்டு குறியை மட்டும் பெரிதாக்குவது. அதற்கு கோர்ட்டின் அளவே துணை நிற்கிறது. நெட் நடுவில் 91 சென்டிமீட்டர் உயரம், கம்பத்தருகே 107. கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் கோர்ட்டின் மூலைக்கு மூலை அளந்தால் 25 மீட்டரைத் தாண்டும். குறுக்காக அடிக்கும் பந்து நெட்டின் தாழ்ந்த பகுதி வழியாகப் போகிறது, விழ ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் இடமும் பெறுகிறது. கை நடுங்கும்போது குறுக்கே அடி, நெட்டுக்கு மேலே உயர்த்தி அடி என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் காரணம் இதுதான். இரண்டாவது சர்வில் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். பயந்து ராக்கெட்டை மெதுவாக வீசினால் பந்துக்குச் சுழற்சி கிடைக்காது; சுழற்சி இல்லாத பந்து கீழே இறங்காது. முதல் சர்வின் அதே வேகத்தில் வீசி, அந்த வேகத்தைச் சுழற்சிக்குச் செலவழிக்க வேண்டும்.

மூச்சு இன்னொரு பிடி. பந்து ராக்கெட்டில் படும் கணத்தில் வாயால் ஊதி விட்டால், அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்து உடம்பை விறைக்க வழியில்லாமல் போகும். டிவியில் கேட்கும் உறுமல்களில் பாதி இந்தப் பழக்கத்தின் சத்தம். மீதிப் பாதி எதிராளிக்காக என்று சொல்பவர்களும் உண்டு.

இறுக்கத்தின்போது தன் உடம்பையே கவனிக்கத் தொடங்குவதும் ஆபத்து. முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று யோசித்தால் பத்தாயிரம் முறை தானாக வந்த அடியும் தடுமாறும். திமதி கால்வே 1974இல் எழுதிய 'டென்னிஸின் உள் ஆட்டம்' என்ற நூல் முழுக்க இதைப் பற்றியதுதான். கட்டளையிடும் ஒருவன், செய்து முடிக்கும் ஒருவன் என ஆட்டக்காரருக்குள் இருவர் இருப்பதாகவும், முதலாமவன் வாயை அடைத்தால் இரண்டாமவன் ஒழுங்காக ஆடுவான் என்றும் அவர் சொன்னார். அதற்கு அவர் தந்த வழி மிக எளியது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், ராக்கெட்டில் படும்போது ஒரு சொல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆடுவது. தமிழில் 'பட்டது', 'அடி' என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லைப் பந்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் முழங்கையைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது.

படபடப்பு முழுதாக ஒழிந்துவிடும் என்று மட்டும் எந்தப் பயிற்சியும் வாக்குத் தருவதில்லை. ஆட்டத்துக்கு முன் வயிறு பிசைவது நோயில்லை. அது வந்தால் வரட்டும். அதோடு சேர்ந்து ஆடத் தெரிந்தால் போதும்.

25 விநாடியை என்ன செய்வது

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோயர் ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் பார்த்தபோது, பந்து ஓடும் நேரத்தைவிடப் புள்ளிகளுக்கு நடுவில்தான் மேல்நிலை ஆட்டக்காரர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவதைக் கவனித்தார். அவர்கள் அந்த இடைவெளியில் செய்வதை நான்கு கட்டமாகப் பிரித்தார். இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படும் முறை அதன் வழி வந்தது.

புள்ளி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நான்கு விநாடி, உடம்பு என்ன காட்டுகிறது என்பது முக்கியம். நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் ராக்கெட்டை இடக்கைக்கு மாற்றி, கைப்பிடியை விட்டு மேலே கழுத்துப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டும். அடிக்கும் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. நெரித்த விரல்கள் தாமாகத் தளர்கின்றன. தலை தொங்கக் கூடாது. எதிராளி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு காரணம். தலை தொங்கினால் மனசும் கூடவே இறங்கும் என்பது பெரிய காரணம்.

அடுத்து நடை. பேஸ்லைனுக்குப் பின்னால், அவசரமில்லாத நடை. பார்வை ராக்கெட்டின் ஸ்ட்ரிங் மேல் இருக்கட்டும். பல ஆட்டக்காரர்கள் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டே நடப்பதற்குக் காரணம் நரம்பு கோணியது மட்டுமில்லை. கண்ணுக்கு ஓர் இடம் வேண்டும். அலைகிற கண் பக்கத்து கோர்ட்டுக்குப் போகும், வேலியோரம் நிற்கும் அப்பா முகத்துக்குப் போகும். இந்த நடையில் இரண்டு முறை மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விட்டால் போதும்.

மூன்றாவது, புள்ளிக் கணக்கைச் சொல்லிக்கொண்டு ஒரே ஒரு முடிவு எடுப்பது. சர்வ் எந்தப் பக்கம், அது திரும்பி வந்தால் முதல் பந்து எங்கே. ரிட்டர்ன் என்றால், இரண்டாவது சர்வ் வந்தால் எங்கே நிற்பது. ஒன்றுக்கு மேல் முடிவெடுத்தால் டாஸ் மேலே போகும்போது மனம் மாறும். மனம் மாறிய சர்வ்தான் நெட்டில் விழும்.

கடைசியாக, கோட்டருகே வந்ததும் தினமும் ஒரே மாதிரி செய்யும் சிறு சடங்கு. பந்தை மூன்று முறையோ ஐந்து முறையோ தட்டுவது. ஜோகோவிச் இறுகிய கட்டங்களில் எண்ணிக்கை தெரியாமல் தட்டுவார். ரஃபேல் நடால் முடி, மூக்கு, காது என்று ஒரு வரிசையே வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில்களைக்கூட ஒரே கோணத்தில் அடுக்குவார். பந்து எத்தனை தட்டு என்பதில் மகிமை எதுவும் இல்லை. நூறு முறை செய்த செயலைச் செய்யும்போது உடம்பு நூறு முறை ஆடிய நிலைக்குப் போகிறது, அவ்வளவே. இது மூடநம்பிக்கையாக முற்றிவிடக் கூடாது. ஒரு தட்டு தவறிப்போனதால் சர்வ் கெட்டது என்று ஒருவர் நம்ப ஆரம்பித்தால் சடங்கைச் சுருக்கும் நேரம் வந்துவிட்டது. 25 விநாடியைத் தாண்டினால் முதல் முறை எச்சரிக்கை, அதற்கடுத்து சர்வ் போடுபவர் ஒரு சர்வை இழப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த 25 விநாடியில் வாயிலிருந்து வரும் சொற்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஜூனியர் ஆட்டங்களில் ஓரமாக நின்று கேட்டால் 'ச்சே', 'என்னடா பண்றே', 'இதுகூட முடியலையா' என்பவைதான் அதிகம் காதில் விழும். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி ஒரு பந்தை விட்டால் அதே பையன் 'பரவால்ல, அடுத்தது' என்கிறான். தனக்குத்தானே அந்த மரியாதையைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் 'கமான்' என்பதைவிட, செய்ய முடிகிற ஒன்றைச் சொல்வது பலன் தரும்: 'கால்', 'மேல அடி', 'டாஸ் முன்னாடி'.

பக்கம் மாறும் 90 விநாடியும் இதே வழியில்தான். முதலில் தண்ணீர், துண்டு. பிறகு இரண்டு கேள்வி: தனக்குப் புள்ளி எதில் வருகிறது, எதிராளி எந்தப் பந்தைத் தப்பவிடுகிறார். தனக்கு என்ன கெட்டுவிட்டது என்ற ஆராய்ச்சியை ஆட்டம் முடிந்து வைத்துக்கொள்ளலாம். செட்டின் முதல் கேம் முடிந்ததும் உட்கார அனுமதி இல்லை என்பதால், அந்த இடத்தில் செய்ய வேண்டியதை நடந்துகொண்டே செய்யப் பழக வேண்டும்.

முன்னிலையை முடிப்பது

பின்தங்கியிருப்பதைவிட முன்னே இருப்பது கடினம் என்றால் ஆடிப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. 1993 விம்பிள்டன் மகளிர் இறுதியாட்டத்தில் செக் நாட்டின் யானா நோவோத்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னே இருந்தார். சர்வும் அவருடையது, 40-30. இன்னொரு புள்ளி எடுத்தால் 5-1. அங்கே ஒரு டபுள் ஃபால்ட். அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. செட் 6-4 என்று கிராஃபுக்குப் போனது. பரிசளிப்பில் கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அவர் அழுத படம் உலகம் முழுக்கப் போயிற்று.

ஓர் ஆட்டக்காரர் முன்னே இருக்கும்போது இரண்டு காரியம் ஒருசேர நடக்கிறது. அவருக்கு இழக்க ஒன்று வந்துவிடுகிறது. எதிராளிக்கு இழக்க ஒன்றும் இல்லாமல் போகிறது. எதிராளியின் கை தளர்ந்து பந்து பறக்கத் தொடங்குகிறது. முன்னே இருப்பவரோ வந்த வழியை விட்டுவிட்டுக் காப்பாற்றும் ஆட்டத்துக்கு மாறுகிறார். ரிட்டர்னில் ஓர் அடி பின்னே நிற்பார், முதல் சர்வின் வேகத்தைக் குறைப்பார். 5-2 வரை எந்த ஆட்டம் கொண்டுவந்ததோ அதே ஆட்டத்தைத் தொடர்வதுதான் இதற்கு மருந்து. சொல்வது சுலபம். செயலில் அது எப்படி இருக்கும் என்றால், சர்வ் போட்டு ஆட்டத்தை முடிக்கப் போகும் கேமுக்கு முன், உட்கார்ந்திருக்கும்போதே முதல் இரண்டு சர்வும் எங்கே என்று தீர்மானித்துவிடுவது. முதல் புள்ளிக்கு முதல் சர்வ் உள்ளே விழ வேண்டும் என்பதைத் தவிர மற்றதை விட்டுவிடுவது.

மேட்ச் பாயின்ட் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்பதற்கு 1980 விம்பிள்டன் இறுதியைப் பார்க்கலாம். நான்காவது செட்டில் போர்க்குக்கு ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு திரும்பத் திரும்ப வந்து நழுவியது. 34 புள்ளி நீண்ட டை-பிரேக்கை ஜான் மெக்கன்ரோ 18-16 என்று எடுத்தார். அதற்கப்புறம் எழுந்து வருவது யாருக்கும் சந்தேகம்தான். போர்க் ஐந்தாவது செட்டில் தன் சர்வில் மிகச் சில புள்ளிகளையே விட்டு, 8-6 என்று கோப்பையை எடுத்தார். நோவோத்னாவும் திரும்பி வந்தார். 1997 இறுதியில் மறுபடி தோற்று, 1998இல் அதே கோர்ட்டில் பட்டம் வென்றார்.

கோபம், லைன் கால், சலிப்பு

மெக்கன்ரோ கத்தியே ஜெயித்தார் என்பது கோபக்காரர்கள் அடிக்கடி எடுத்து வைக்கும் வாதம். கத்திவிட்டு அடுத்த சர்வை அதே மென்மையோடு போட அவரால் முடிந்தது; அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நடால் தன் தொழில்முறை வாழ்க்கையில் கோபத்தில் ஒரு ராக்கெட்டைக்கூட உடைத்ததில்லை. கோபத்தின் விலை எவ்வளவு ஏறும் என்பதற்கு 2020 யு.எஸ். ஓப்பன் உண்டு. எரிச்சலில் ஜோகோவிச் பின்னால் தட்டிவிட்ட பந்து, குறி வைக்காமலே, கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் அங்கேயே போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். சாதாரண ஒழுங்கு மீறலுக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு புள்ளி, அதற்கும் அடுத்து ஒரு கேம் என்று தண்டனை ஏறும்.

ஜூனியர் போட்டிகளில் ஆரம்பச் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் அம்பயர் இருப்பதில்லை. அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே தீர்ப்பு. சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே என்பதே விதி. எதிராளி தவறாக 'அவுட்' சொல்கிறார் என்று தோன்றினால் ஒரு முறை அமைதியாக 'நிச்சயமா?' என்று கேட்கலாம். மீண்டும் நடந்தால் சண்டை போடாமல் ரெஃப்ரியைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை கிடைக்கும் இரண்டு நிமிடமும் தலை ஆறப் பயன்படும். களிமண் கோர்ட்டில் பந்தின் தடம் இருக்கும், கடினத் தரையில் அதுவும் இருக்காது. போன பந்துக்குத் தீர்ப்பு மாறுவது அபூர்வம். அதை மனசில் வைத்துக்கொண்டு ஆடும் அடுத்த மூன்று கேம்தான் உண்மையான நஷ்டம். ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் சர்வ் போடுபவர் கணக்கை உரக்கச் சொன்னால் பாதித் தகராறு வராமலே போகும்.

இன்னொரு சோதனை, எல்லாப் பந்தையும் மெதுவாக, உயரமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர். 'புஷர்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். அவரிடம் தோற்பவர்கள் திறமையில் தோற்பதில்லை, பொறுமையில் தோற்கிறார்கள். இவன் எல்லாம் ஓர் ஆட்டக்காரனா என்ற எண்ணம் வந்ததும் அடி முரட்டுத்தனமாகிறது. அந்த நாளைக்கு ஒவ்வொரு புள்ளியும் பத்துப் பந்து போகும் என்று முதல் கேமிலேயே ஏற்றுக்கொண்டு, நெட்டுக்கு வர வேண்டிய பந்துக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பயிற்சியில் அழுத்தம்

பயிற்சியில் பழகாத எதுவும் போட்டியில் வராது. நண்பனோடு ஆடும் பயிற்சி ஆட்டத்தில் 25 விநாடியைக் கடிகாரம் வைத்து அளந்து, நான்கு கட்டத்தையும் விடாமல் செய்து பார்க்க வேண்டும். முதல் சில நாள் நாடகம் போடுவது போல இருக்கும். ஒவ்வொரு கேமையும் 30-40இல் தொடங்கி ஆடலாம். ஒரு செட் முழுக்க இரண்டாவது சர்வ் மட்டும் என்று வைக்கலாம். பயிற்சி முடிந்து கால் சோர்ந்த பிறகு ஒரே ஒரு டை-பிரேக், தோற்றவர் கோர்ட்டைச் சுற்றி ஐந்து ஓட்டம். பந்தயம் சிறியதானாலும் கை இறுகும். இறுக வேண்டும் என்பதற்காகத்தான் இது.

போட்டி நாளில் காத்திருப்பதும் ஒரு வேலை. பத்து மணி ஆட்டம் என்று சொல்லி ஒரு மணிக்குத்தான் கோர்ட் கிடைக்கும். சென்னையின் மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்து நின்றால் கால் போய்விடும், டிராவில் அடுத்து யார் என்று கணக்குப் போட்டால் மனசும் போய்விடும். நிழலில் உட்காரலாம், லேசாகச் சாப்பிடலாம், அழைப்பு வரும்போது பத்து நிமிடம் குதித்து வியர்த்துக்கொள்ளலாம். உடல் நீர் வற்றினால் கவனம் சிதறும், கோபம் கைமீறும். மனப் பிரச்சினை என்று தோன்றும் பலவற்றுக்கு மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான். பையில் இன்னொரு ராக்கெட், மாற்றுக் கிரிப், இன்னொரு ஜோடி காலுறை இருந்தால் நடுவில் பதற வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்த அன்று இரவோ மறுநாளோ ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுவது நல்ல பழக்கம். எந்த ஸ்கோரில் கை இறுகியது, அப்போது என்ன செய்தது, எதிராளி எதில் புள்ளி எடுத்தார், அடுத்த வாரம் எதைப் பழக வேண்டும். பத்து ஆட்டத்துக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் ஒரே ஸ்கோர் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்கு அது 5-3, சிலருக்கு 30-0.

நோட்டுக்கு அடங்காத நிலையும் உண்டு. தூக்கம் வாரக்கணக்கில் கெடுவது, ஆட்டம் என்றாலே வாந்தி வருவது, பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது ஆகியவை பயிற்சியாளரின் எல்லையைத் தாண்டியவை. 2021 பிரெஞ்சு ஓப்பனில் நவோமி ஒசாகா முதல் சுற்றை ஜெயித்த பிறகு விலகினார். நெடுநாளாக மனச்சோர்வு இருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றிருந்தார். போலந்தின் இகா ஷ்வியான்டெக்குடன் உளவியலாளர் டாரியா அப்ரமோவிச் போட்டிக்குப் போட்டி கூடவே பயணம் செய்தார். உடற்பயிற்சி நிபுணரை வைத்துக்கொள்வது போலத்தான் அதுவும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோற்ற பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் நினைவிருக்கும். வண்டியில் ஏறியதும் 'அந்த 5-4ல ஏன் அப்படி அடிச்சே?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. வீடு வரும்வரை ஆட்டப் பேச்சை எடுக்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், வழியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.